இறுகிப்போன தூண்டில் மூட்டைக் கழற்றித் தரும் காசிமேட்டுப் பட்டறை

இரண்டு துண்டாகக் கழற்றி உறையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டிய ஒன்பது அடி கார்பன் தூண்டில் கோல், மூட்டு இறுகிப்போய், கடந்த பிப்ரவரியில் மூன்று வாரம் என் வீட்டு வராந்தாவில் ஒரே துண்டாகச் சாய்ந்து நின்றது. கோவளம் கடற்கரையில் இரண்டு நாள் தொடர்ந்து வீசிவிட்டு, இரவில் கழற்றச் சோம்பல்பட்டு, அப்படியே நண்பரின் வேனில் ஏற்றிக் கொண்டுவந்ததன் பலன் அது. அந்தக் கோலைச் சேதமில்லாமல் கழற்றித் தந்த பட்டறையைப் பற்றியும், பின்னர் அதே இடத்துக்கு நான் எடுத்துச் சென்ற வேறு இரண்டு கோல்களுக்கு நேர்ந்ததைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். பட்டறை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. படகு எஞ்சின்களுக்கான உதிரிகளை லேத்தில் கடைந்து கொடுப்பதே அங்கு முதன்மையான தொழில். தூண்டில் கோல், ரீல் வேலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் இடம் உண்டு, அதுவும் பட்டறைக்காரருக்கு மனம் இருந்தால்.

மூட்டு இறுகிய கோலை அப்படியே பயன்படுத்தினால் என்ன என்று மீன் பிடிக்காதவர்கள் கேட்பதுண்டு. வீசுவதற்கு ஒரு குறையும் இல்லைதான். தொல்லையெல்லாம் எடுத்துச் செல்வதில் இருக்கிறது. ஒன்பது அடிக் கோல் லிஃப்டில் நுழையாது, ஆட்டோவில் அடங்காது. ரயிலில் கொண்டுபோகலாம் என்று நினைப்பது அதைவிட ஆபத்து, ஏனெனில் புறநகர் ரயில் பாதையின் மேல் செல்லும் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட், கார்பன் இழையோ மின்சாரத்தைக் கடத்தும் பொருள். நடைமேடையில் நீண்ட கார்பன் கோலை நிமிர்த்திப் பிடித்தபடி நடக்க வேண்டாம் என்று நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன். ஆகவே கழற்ற முடியாத கோல், கிட்டத்தட்ட வீட்டோடு கட்டிப்போட்ட கோல்.

பட்டறைக்குப் போவதற்கு முன் நான் வீட்டில் செய்தவற்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பட்டறைக்காரரின் வேலையில் பாதி, நான் கெடுத்ததைச் சரிசெய்வதாகவே இருந்தது. முதலில் நானும் மைத்துனரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, திருவிழாவில் வடம் இழுப்பதைப் போல இழுத்தோம். மூட்டு அசையவில்லை, மைத்துனர்தான் பின்னால் இருந்த பூந்தொட்டியின் மேல் உட்கார்ந்தார். அடுத்து, முறுக்கினால் விட்டுக்கொடுக்கும் என்று எண்ணி, நரம்பு ஓடும் வளையங்களைப் பிடியாகக் கொண்டு திருகினேன். மூட்டுக்கு மேலே இருந்த வளையத்தின் ஒரு கால் வளைந்து, அதன் மேல் சுற்றியிருந்த நூலின் பூச்சில் மயிரிழை போல ஒரு வெடிப்பும் விழுந்தது. மூன்றாவதாக, துருப்பிடித்த திருகாணிக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மூட்டின் வாயில் தாராளமாக அடித்துவிட்டு இரவு முழுவதும் விட்டுவைத்தேன். மூன்றிலும் இதுதான் பெரிய தவறு என்பது பின்னர்தான் தெரிந்தது. இடையில் ஒரு கடையில் காட்டியபோது, மூட்டுக்கு இரண்டு அங்குலம் மேலே வெட்டி வேறு குழாய் செருகித் தருவதாகச் சொன்னார்கள். நல்லவேளையாக அன்று கையில் பணம் குறைவாக இருந்தது.

பட்டறைக்காரர் அறுபதைத் தாண்டியவர். இளமையில் லேத் தொழிலாளியாக இருந்தவர், இன்றும் கோலின் மூட்டை லேத்காரரின் கண்ணோடுதான் பார்க்கிறார். நான் கோலை நீட்டியதும் அவர் அதை வாங்கி இழுத்துப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைத் தொடாமல் கேள்விகளாகக் கேட்டார். எங்கே மீன் பிடித்தீர்கள், உப்புத் தண்ணீரா நல்ல தண்ணீரா, மூட்டைச் சேர்க்கும்போது நேராக அழுத்தினீர்களா திருகி அழுத்தினீர்களா, வீசும்போது மூட்டு தளர்ந்து மறுபடி இறுக்கினீர்களா, மணலில் வைத்தீர்களா, எத்தனை நாள் ஆயிற்று, வீட்டில் என்னென்ன ஊற்றினீர்கள். கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது மட்டும் லேசாகச் சிரித்தார். எண்ணெய் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது.

மூட்டு எதனால் இறுகியிருக்கிறது என்று தெரியாமல் அதன்மேல் கை வைப்பதில்லை என்பதே இந்தப் பட்டறையின் சிறப்பு, நான் கொடுத்த பணம் முழுவதும் அதற்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அவர் விளக்கியபடி, என் கோலின் மூட்டு வெறும் செருகல்தான்: அடித் துண்டின் மேல்முனை சற்றே கூம்பி முடிகிறது, நுனித் துண்டின் கீழ்முனை குழாயாக விரிந்து அதன் மேல் தொப்பி போல உட்காருகிறது. மரையோ தாழோ எதுவும் இல்லை. கூம்பும் குழாயும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் உராய்வு மட்டுமே அதைப் பிடித்திருக்கிறது. லேத் பட்டறைகளில் துரப்பண முனையைப் பிடிக்கும் மோர்ஸ் டேப்பர் வேலை செய்வதும் இதே விதத்தில்தான். ஓர் அடி நீளத்துக்கு ஏறத்தாழ எட்டில் ஐந்து அங்குலம்தான் அது சரிகிறது. அந்தச் சிறிய சரிவே இரும்பைத் துளைக்கும் முறுக்கத்தையும் தாங்கும் அளவுக்குப் பிடித்துக்கொள்கிறது. அதைக் கழற்ற லேத்காரர்கள் திருகுவதில்லை. பக்கத்திலுள்ள துளையில் ஆப்பைச் செருகி, நேர்க்கோட்டில் ஒரு தட்டு தட்டுகிறார்கள். கோலின் கூம்பு அதைவிடவும் மெல்ல ஒடுங்குவதால் பிடி இன்னும் அதிகம். ஆனால் ஆப்பு வைக்க இடமும் இல்லை, தட்டினால் தாங்கும் சுவரும் இல்லை. கோலில் கார்பன் இழைகள் பெரும்பாலும் நெடுக்காக ஓடுவதால், வளைப்பதை அது தாங்கும் அளவுக்கு நசுக்குவதையும் முறுக்குவதையும் தாங்காது. குறடு வைத்தால் நசுங்குவது நிச்சயம் என்று சொல்லி, தன் குறடுகள் தொங்கும் சுவரைக் காட்டி, “அதுங்களுக்கு இதுல வேலையே இல்ல சார்” என்றார்.

அடுத்து அவர் ஒரு பூதக்கண்ணாடியை எடுத்து மூட்டின் வாயைப் பார்த்தார். விளிம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. நான் அதைப் பூச்சின் நிறம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அலையில் நின்று வீசும்போது மூட்டின் இடுக்கில் ஏறும் நீர் காய்ந்துவிடுகிறது, உப்பு அங்கேயே படிகமாகத் தங்கிவிடுகிறது. அடுத்த நாள் மறுபடி நனைந்து மறுபடி காய்கிறது. உடன் நுண்மணலும் சேர்ந்துகொண்டால் கூம்புக்கும் குழாய்க்கும் நடுவே ஆப்பு அடித்ததற்குச் சமம். உப்பைக் கரைக்கத் தண்ணீர் போதும், ஆனால் நான் அடித்த எண்ணெய் படலமாகப் படர்ந்து, அந்தத் தண்ணீர் உள்ளே போகும் வழியை அடைத்துவிட்டிருந்தது. எண்ணெய் ஸ்பிரே உலோகத்துக்கு உதவும், உப்புக் கட்டிய கார்பன் மூட்டுக்கு அதை முதலில் கொண்டுபோகக் கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

அவர் செய்தது மிக எளிய வேலை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, பழைய பல்துலக்கியால் மூட்டின் வாயைச் சுற்றி எண்ணெயைக் கழுவினார். பிறகு கோலைத் தலைகீழாக, நுனி தரையைப் பார்க்கும்படி கட்டித் தொங்கவிட்டார். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நுனித் துண்டு அடித் துண்டின் மேல் கவிழ்ந்திருப்பதால், கோலை வழக்கம்போல் நிமிர்த்தி வைத்தால் மூட்டின் வாய் கீழ்நோக்கி இருக்கும், ஊற்றும் நீர் வழிந்துவிடும். கவிழ்த்தால்தான் வாய் வானத்தைப் பார்க்கும். வாயைச் சுற்றிப் பஞ்சுத்துணியைத் தளர்வாகச் சுற்றி, அரை மணிக்கு ஒருமுறை வெதுவெதுப்பான நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தார். கொதிநீர் வேண்டாம் என்றார், ஏனென்றால் வளையங்களைப் பிடித்திருக்கும் நூலின் மேலுள்ள எப்பாக்சிப் பூச்சு சூட்டில் இளகும். அன்று இழுக்கவே இல்லை. கோலை விட்டுவிட்டு அடுத்த ஞாயிறு வரச் சொன்னார். காசிமேட்டுக்கு இரண்டாவது முறை வர வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மொத்த வேலையும் இருபது நிமிடத்தில் முடிந்தது. காசிமேட்டில் மீனுக்குப் போடும் நொறுக்கிய ஐஸுக்குப் பஞ்சமில்லை. ஒரு பை வாங்கி வந்து, மூட்டைச் சுற்றி ஈரத் துணியோடு கட்டிக் கால் மணி நேரம் குளிரவிட்டார். கார்பன் இழை தன் நெடுக்கில் சூட்டுக்கும் குளிருக்கும் ஏறக்குறைய அசைவதே இல்லை. இழைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிசினோ விரியவும் சுருங்கவும் செய்யும். உள்ளும் புறமும் ஒன்றாகக் குளிர்ந்த பின் ஐஸை நீக்கி, வெளிக்குழாயை மட்டும் உள்ளங்கையால் சில நொடிகள் பொத்திச் சூடேற்றினால், வெளிப்பகுதி உட்பகுதியை விட முந்திக்கொண்டு மிகச் சிறிதளவு விரிகிறது. இழுக்க வேண்டிய கணம் அதுதான்.

இழுத்த விதம் எங்கள் வடம் இழுப்பிலிருந்து முற்றிலும் வேறானது. பழைய சைக்கிள் டியூபை நெடுக்காக வெட்டிய நான்கு துண்டுகளைக் கொடுத்து, அவரும் நானும் எதிரெதிரே நின்றோம். நான் ஒரு கையால் மூட்டுக்கு மேலேயும் மறு கையால் மூட்டுக்குக் கீழேயும் பிடிக்க வேண்டும், அவரும் அப்படியே. ஆளுக்கொரு துண்டாகப் பிடித்தால் ஒருவர் வெட்டி இழுக்க மற்றவர் தடுமாறுவார், மூட்டு விட்டதும் இருவரும் விழுவார்கள், அந்த ஆட்டத்தில் கோல் வளைந்து குழாயின் வாய் கிழியும். இருவருமே இரண்டு துண்டையும் பிடித்திருந்தால், விசை நேர்க்கோட்டை விட்டு விலகாது; மூட்டு விடும்போது கைகள் ஒரு சாண் நகர்ந்து நின்றுவிடும். ரப்பர் இருப்பதால் விரலால் நசுக்கிப் பிடிக்கத் தேவையில்லை. மூட்டை ஒட்டி இருக்கும் வளையத்தை உள்ளங்கைக்குள் சிக்கவைக்காமல் பிடிப்பது மட்டும் கவனிக்க வேண்டியது. மெல்ல விசையைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார். நான் இன்னும் முழு பலத்தைக் கொடுக்கவே தொடங்கவில்லை. ஈரத் தக்கையைப் பிடுங்கியது போல் ஓர் ஓசையோடு மூட்டு விட்டுவிட்டது. மூன்று வாரம் நான் பட்ட பாட்டுக்கு இவ்வளவு எளிதில் கழன்றது சற்று அவமானமாகக் கூட இருந்தது.

தனியாக இருப்பவர்களுக்கு அவர் சொன்ன வழியையும் எழுதிவிடுகிறேன். சற்றே குனிந்து, கோலை முழங்கால்களுக்குப் பின்னால் கிடையாக வைத்து, மூட்டு நடுவில் இருக்கும்படி, இரு கைகளாலும் முழங்கால்களுக்கு வெளிப்புறம் ரப்பர் வைத்துப் பிடிக்க வேண்டும். கைகளை நீட்டி அப்படியே பூட்டிக்கொண்டு, முழங்கால்களை மெல்ல அகட்டினால், தொடையின் பலம் கைகளை வெளியே தள்ளும். கை மட்டும் இழுக்கும்போது வரும் வெட்டல் இதில் வராது. வீட்டுக்கு வந்து வேறொரு கோலில் செய்து பார்த்தேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்பதைத் தவிர இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூட்டு கழன்றதோடு அவர் வேலையை முடிக்கவில்லை. இரண்டு முனைகளையும் நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, வெளிக்குழாயின் வாயில் பஞ்சை மெல்ல இழுத்தபடி சுற்றினார். வெடிப்பு இருந்தால் பஞ்சின் இழை அங்கே மாட்டிக்கொள்ளும். மாட்டவில்லை. பிறகு சாதாரண மெழுகுவத்தியை எடுத்து உள்முனையில் நாலைந்து கோடு இழுத்து, விரலால் தேய்த்து மெருகேற்றினார். பாரஃபின் மெழுகு வறண்ட வழுவழுப்பைத் தருவதோடு இடுக்கில் நீர் ஏறுவதையும் குறைக்கிறது. தேன்மெழுகு பிசுபிசுப்பானது, மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அவர் அதை விரும்புவதில்லை. சேர்க்கும்போது வளையங்கள் நேர்க்கோட்டுக்குக் கால் சுற்று விலகியிருக்கும்படி செருகி, அழுத்திக்கொண்டே நேர்க்கோட்டுக்குத் திருப்ப வேண்டும், கழற்றும்போதோ நேராக இழுக்க வேண்டும் என்று செய்து காட்டினார். வீசும்போது இடையிடையே மூட்டைத் தொட்டுப் பார்க்கவும் சொன்னார், ஏனெனில் தளர்ந்த மூட்டோடு வீசுவதால் பிளக்கும் குழாய்களே அவரிடம் அதிகம் வருகின்றனவாம், இறுகியவை அவற்றுக்கு அடுத்தபடிதான்.

அன்று எனக்குப் பக்கத்தில் காத்திருந்த இளைஞர் ஒருவரின் கோலில், குழாயின் உள்ளே திடமான முளை ஒன்று பதித்து, அதன் மேல் அடுத்த துண்டு செருகப்படும் வகை மூட்டு இருந்தது. இந்த வகையில் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும்படிதான் செய்வார்கள். முளை தேயத் தேய அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும். இளைஞர் அந்த இடைவெளியைப் பார்த்து மூட்டு சரியாக உட்காரவில்லை என்று எண்ணி, கோலைத் தரையில் ஊன்றி அழுத்தியிருக்கிறார். பட்டறைக்காரர் அவரிடம் காட்டிய பொறுமை எனக்கு இருந்திருக்காது.

மார்ச் மாதம் இரண்டாவது கோலோடு போனேன். நண்பர் ஒருவர் குன்னூரில் ஒரு பழைய பங்களாச் சாமான் ஏலத்தில் வாங்கிய பிளந்த மூங்கில் கோல் அது. ஆறு மூங்கில் பட்டைகளை ஒட்டி அறுகோணமாகச் செய்தது. இதன் மூட்டுக்கு உலோகப் பூண்கள் உண்டு, உலக்கைக்குப் போடுவோமே, அதே போல, ஒன்றுக்குள் ஒன்று நுழையும்படி கடைந்தவை. ஜெர்மன் சில்வர் என்று நாம் சொல்லும் கலவை அது. பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பவை செம்பும் நிக்கலும் துத்தநாகமும். பல ஆண்டுகள் ஒன்றாகவே கிடந்து களிம்பேறி இறுகியிருந்தது. இங்கே பட்டறைக்காரரின் முறை தலைகீழாக மாறியது. தண்ணீரை எடுக்கவே இல்லை. மூட்டின் வாயில் இரண்டு மூன்று சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, மூங்கிலில் ஊறாமல் துணியால் தடுத்து, ஓரிரவு வைத்தார். மறுநாள் உட்பூண் துண்டில் ஐஸும் வெளிப்பூணில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியும் வைத்தார். பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்த உலோகப் பூண், ஐம்பது அறுபது டிகிரி வேறுபாட்டுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே விரியும். கேட்பதற்கு ஒன்றுமில்லாதது போல் தோன்றும், ஆனால் அளவாகக் கடைந்த பூணுக்கு அந்த இடைவெளியே கதவு திறந்ததற்குச் சமம்.

கேஸ் விளக்கின் சுடரைக் காட்டினால் சீக்கிரம் ஆகாதா என்று நண்பர் கேட்டார். பூணை மூங்கிலோடு பிடித்திருக்கும் பழைய ஒட்டுப்பசை சூட்டில் முதலில் இளகிவிடும், அப்போது பூண்கள் இரண்டும் ஒன்றாகவே இருக்க, மூங்கில் மட்டும் உருவிக்கொண்டு வரும் என்று அவர் பதில் சொன்னார். இரண்டு முறை ஐஸும் வெந்நீரும் மாற்றி வைத்த பிறகு மூன்றாவது இழுப்பில் மூட்டு கழன்றது. உள்ளே பச்சைக் களிம்பு படிந்திருந்தது. வீட்டில் குத்துவிளக்கைத் துலக்குவது போல் புளி போட்டுத் தேய்க்கலாமே என்று நான் சொன்னதை அவர் ஏற்கவில்லை. பூணைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்த நூறில் ஒரு பங்கு தேய்ந்துபோய், கடைசியில் மூட்டு ஆடத் தொடங்கும்; ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தால் போதும் என்றார். இந்தப் பூண்களுக்கு மெழுகும் கூடாதாம். வெள்ளைக்காரர்கள் உட்பூணை மூக்கின் பக்கவாட்டில் ஒருமுறை தேய்த்துக்கொள்வார்கள், அந்த எண்ணெய்ப் பசையே அதிகம் என்று தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

மூன்றாவது, அக்காள் மகனின் டெலஸ்கோப் கோல். நீட்டிய அடுக்குகளில் ஒன்று உள்ளே போக மறுத்தது. அதை அவர் மரப்பலகையின் மேல் செங்குத்தாக நிறுத்தி, இறுகிய அடுக்கை ரப்பரால் பிடித்து, அடிப்பக்கம் பலகையில் படும்படி நாலு முறை மெல்லத் தட்டினார், உள்ளே போய்விட்டது. அடிமூடியைத் திருகிக் கழற்றி, அடுக்குகளை உருவி, மணலைக் கழுவிக் கொடுத்தார். பத்து நிமிட வேலை, ஐம்பது ரூபாய்.

கார்பன் கோலுக்கு முந்நூறு ரூபாயும் மூங்கில் கோலுக்கு எழுநூறு ரூபாயும் வாங்கினார். மூங்கில் கோலுக்குக் கொடுத்ததை நான் மலிவு என்றே சொல்வேன், ஏனெனில் அந்தப் பூண் நசுங்கியிருந்தால் அதே அளவில் இன்னொன்றைக் கடைந்து பொருத்த ஆள் தேட வேண்டியிருக்கும். கார்பன் கோலுக்கான முந்நூறு ரூபாய், நீங்கள் இதைப் படிக்கும் முன் எண்ணெய் அடித்துவிட்டீர்களா என்பதைப் பொறுத்தது. அடிக்கவில்லை என்றால் தண்ணீர், ஐஸ், சைக்கிள் டியூப், உதவிக்கு ஒரு ஆள் ஆகியவற்றோடு வீட்டிலேயே முடித்துவிடலாம். பட்டறைக்காரரே இதை என்னிடம் சொன்னார். தொழிலைக் கெடுத்துக்கொள்ளும் இந்த நேர்மைக்கு நான் தனியாக மதிப்பெண் கொடுக்கிறேன். புறப்படும்போது காகிதத்தில் சுற்றிய மெழுகுவத்தி ஒன்றைக் கையில் கொடுத்துப் பத்து ரூபாய் கேட்டார். தெருமுனைக் கடையில் அது ஐந்து ரூபாய்தான்.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. ரசீது கொடுப்பதில்லை. கோலை வாங்கி வைக்கும்போது பெயர்ச் சீட்டு ஒட்டுவதில்லை. இரண்டாவது முறை போனபோது என் கோல் எது என்று நானே தேடி எடுக்க வேண்டியிருந்தது. கோல்களைக் கடல் காற்று நேராக வீசும் திண்ணையில் சாய்த்து வைக்கிறார், உப்பைக் கரைக்க வந்த பொருளுக்கு அது நல்ல இடம் இல்லை. நான் வளைத்து வைத்திருந்த வளையத்தின் காலை நிமிர்த்தித் தந்தார், ஆனால் நூல் சுற்றி எப்பாக்சி பூசும் வேலையைத் தான் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார், அதற்கு வேறிடம் போக வேண்டியிருந்தது. கழற்றும்போது உடைந்தால் பொறுப்பில்லை என்பதைத் தொடக்கத்திலேயே மூன்று முறை சொல்கிறார். ஒரு கோலை அவர் வாங்க மறுத்ததையும் பார்த்தேன்: குழாயின் வாயில் ஏற்கெனவே நெடுக்காக வெடிப்பு விழுந்திருந்த கோல் அது, இழுத்தால் பிளக்கும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். கொண்டுவந்தவர் முகம் சுளித்துக்கொண்டு போனார். என் பார்வையில் அன்று பட்டறை செய்த மிகச் சரியான வேலை அதுதான்.

போக நினைப்பவர்கள் காலை ஒன்பதுக்கு முன் போய்விடுவது நல்லது, பதினொன்றுக்கு மேல் அவர் இருப்பதில்லை. வழியில் ஒரு பை ஐஸ் வாங்கிக்கொண்டு போனால் அரை மணி மிச்சம். கோல் நீளமானதாக இருந்தால் வேனிலோ திறந்த லோடு ஆட்டோவிலோ கொண்டுபோகவும்; நுனியில் சிவப்புத் துணி கட்டவும் மறக்க வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் போகாதீர்கள். விசைப்படகுகள் எல்லாம் கரையில் நின்று பழுது பார்க்கப்படும் நாட்கள் அவை. லேத் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும், தூண்டில் கோலைத் தூக்கிக்கொண்டு வருபவரை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.